பழைய ஆக்சிலை அளந்து ஏமாந்தேன்

சைக்கிள் பெடலின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை, சரியாக இடது கால் கீழே போகிற நேரத்தில், 'கடக்'. முதல் நாள் பெடலைச் சந்தேகித்தேன். மறுநாள் சீட் போஸ்ட்டை உருவித் துடைத்து, கிரீஸ் தடவிப் போட்டேன். மூன்றாம் நாள் ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது, செயின் வீல் (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்) பக்கவாட்டில் ஆடி, செயினை இடம் மாற்றும் முன் டீரெய்லரில் உரசுகிற சத்தமும் சேர்ந்துகொண்டது. அதற்குமேல் சந்தேகமே இல்லை. பாட்டம் பிராக்கெட்டேதான்: பெடல் மாட்டும் இரண்டு கைகளையும் (கிராங்க்) இணைக்கும் அச்சுத் தண்டும் (ஆக்சில்) அதன் பேரிங்குகளும். இனி பி.பி. என்றே எழுதுகிறேன்.

உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். கிராங்கைப் பிடித்து ஃப்ரேமை நோக்கித் தள்ளி இழுக்க வேண்டும். ஒரு பக்கக் கிராங்க் மட்டும் ஆடினால் அது ஆக்சிலில் சரியாக உட்காரவில்லை. இடதை ஆட்டும்போது வலதும் கூடவே ஆடினால் பேரிங்கில் ஆட்டம். எனக்கு இரண்டும் சேர்ந்து ஆடின. செயினைச் செயின் வீலிலிருந்து எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, ஒரு கையை சீட் டியூபில் வைத்துக்கொண்டு மறு கையால் கிராங்கைச் சுற்றினேன். உள்ளே மணல் அரைபடுவது உள்ளங்கையில் தெரிந்தது.

வண்டி பழைய ஸ்டீல் டூரிங் ஃப்ரேம். பின்னால் ஏழு பல்சக்கர ஃப்ரீவீல், முன்னால் மூன்று செயின் வீல். மூன்றும் ரிவிட் அடித்தவை, தனித்தனியாக மாற்ற முடியாது. பற்களோ கொக்கி மாதிரி வளைந்திருந்தன. போதாததற்கு இடது கிராங்கில் பெடல் மரையும் தேய்ந்துபோயிருந்தது. எப்படியும் பி.பி.யைக் கழற்றப் போகிறோம், கிராங்கையும் மாற்றிவிடலாம் என்று, நண்பரிடம் சும்மா கிடந்த இரட்டைச் செயின் வீல் கிராங்க் செட்டை வாங்கி வந்தேன். நல்ல அலுமினியம், சதுர முனைத் துளை, பற்கள் கூர்மை. கணக்கு பிசகியது இங்கேதான். அது தெரிவதற்குள் ஒரு பி.பி. வாங்கி, மாட்டி, ஓட்டியும் பார்த்துவிட்டேன்.

கழற்றுவது

கிராங்க் போல்ட்டை எடுத்தபின் கிராங்க் எக்ஸ்ட்ராக்டர் வேண்டும். பெரும்பாலான சதுர முனைக் கிராங்குகளில் எக்ஸ்ட்ராக்டருக்கான மரை 22 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. கையாலேயே கடைசி மரை வரை திருகி உட்காரவைத்துவிட்டுத்தான் நடுத்தண்டைத் திருக வேண்டும். பாதி மரையில் மாட்டி இழுத்தால் அலுமினிய மரை சுருள்சுருளாக வெளியே வரும். போல்ட்டுக்கு அடியில் ஒரு வாஷர் இருந்தால் அதையும் எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எக்ஸ்ட்ராக்டர் வாஷரைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும்.

பேரிங்கைத் தாங்கும் கப் பக்கத்துக்கு ஒன்று, ஃப்ரேமின் குறுக்குக் குழாயில் (ஷெல்) மரையால் திருகியிருக்கும். இடது பக்கத்து லாக் ரிங்கும் அட்ஜஸ்ட் கப்பும் சுலபமாக வந்தன. வலது பக்கத்து ஃபிக்ஸ்டு கப்தான் வேலை வைத்தது. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதிலேயே பலருக்குக் குழப்பம் வரும். நான் மனதில் வைத்திருக்கிற கணக்கு இது: ஸ்பானரை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடி, வண்டி போகிற திசையில் தள்ளு, கழலும். பி.எஸ்.ஏ. என்கிற ஆங்கில வகை மரை உள்ள ஃப்ரேமில் இரண்டு பக்கக் கப்புக்கும் இது பொருந்தும். ஏனென்றால் வலது கப் இடமரை (கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினால் இறுகுவது), இடது கப் சாதாரண வலமரை. பெடலுக்கு இதற்கு நேர் எதிர். ஸ்பானரைப் பின்னால் தள்ளினால்தான் கழலும்.

வலது கப்புக்கு ஏன் இடமரை என்று ரொம்ப நாள் எனக்குப் புரிந்ததில்லை. முன்னோக்கி மிதிக்கும்போது, வலது பக்கமிருந்து பார்த்தால் ஆக்சில் கடிகாரத் திசையில் சுற்றுகிறது. அது கப்பையும் அதே திசையில் இழுத்துக்கொண்டு போகும் என்றால் சாதாரண வலமரையே இறுகத்தானே வேண்டும்? கையை லேசாக மடக்கி அதற்குள் ஒரு பென்சிலைத் தொளதொளவென்று பிடித்து, அதன் நுனியை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். நுனி ஒரு திசையில் வட்டமிட, பென்சில் கைக்குள் எதிர்த்திசையில் உருளும். கப்புக்கும் ஷெல்லுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் இதேதான் நடக்கிறது. மிதிக்கிற எடை கப்பைச் சுற்றிச் சுற்றி அழுத்துவதால் அது மெதுவாக எதிர்த்திசையில் நகர்கிறது. வலமரையாக இருந்தால் கழன்றே விடும். இத்தாலிய ஃப்ரேம்களில் இரண்டு பக்கமும் வலமரை என்பதால் வலது கப் தானாகத் தளர்வது அவற்றின் பழைய தொல்லை.

சரி, என் ஃபிக்ஸ்டு கப். மெல்லிய இரண்டு தட்டை முகம்தான் அதில் இருந்தது; ஸ்பானர் வழுக்கி வழுக்கி அந்த முகமும் மழுங்க ஆரம்பித்தது. துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி வைத்தேன். அசையவில்லை. அப்புறம் பழைய வழி: தடித்த போல்ட் ஒன்றை வலது பக்கத்திலிருந்து கப்பின் துளை வழியே நுழைத்து, இருபுறமும் பெரிய வாஷர் வைத்து, உள்ளே நட்டு போட்டு இறுக்கினேன். போல்ட்டின் தலையைக் கடிகாரத் திசையில் இறுக்க இறுக்க அது கப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதற்குமேலும் திருகினால் கப்பும் சேர்ந்து கடிகாரத் திசையில் சுற்றும். இடமரைக்கு அதுதான் கழலும் திசை. ஃப்ரேமைப் பிடித்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, நீங்க டைட்டுதானே பண்றீங்க?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். விட்டுவிட்டது.

உள்ளே பழுப்பு நிறச் சேறு. ஆக்சிலில் குண்டுகள் ஓடும் தடத்தில் ஊசி குத்திய மாதிரி பள்ளங்கள். ஒரு பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11 இருக்க வேண்டும். என் வண்டியின் இடது பக்கத்தில் பத்தும் ஒரு துண்டும் கிடைத்தன. தண்ணீர் வருவது பெரும்பாலும் சீட் போஸ்ட் ஓரமாக இறங்கித்தான். ஷெல்லின் அடியில் ஒரு சின்னத் துளை இருந்தால் அதை அடைத்து வைக்காதீர்கள். என் துளையைப் பெயின்ட் அடைத்திருந்தது.

மரை எது என்று பார்ப்பது

ஆட்டம், சத்தம் எல்லாம் வராத சீல்டு கார்ட்ரிட்ஜ் பி.பி. (ஆக்சிலும் பேரிங்கும் ஒரே உறைக்குள் மூடி வருவது) போடுவது என்று முடிவு. அதற்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: ஷெல்லின் அகலமும் மரையும், ஆக்சில் முனையின் வடிவம், ஆக்சிலின் நீளம். முதல் இரண்டுக்கும் அளந்தால் ஒரே பதில். மூன்றாவதுதான் என்னைச் சுற்றவிட்டது.

ஷெல்லின் இரு முகத்திலும் திரண்டிருந்த பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெர்னியர் காலிப்பர் வைத்தேன்: 68 மி.மீ. பெயின்ட்டோடு அளந்தபோது 68.9 காட்டியது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. 68 என்றால் பெரும்பாலும் பி.எஸ்.ஏ., 70 என்றால் இத்தாலி. நடுவில் ஓர் எண் வந்தால் அவசரப்பட்டு எந்தப் பக்கமும் சாயக்கூடாது. பி.எஸ்.ஏ.யிலேயே 73 மி.மீ. ஷெல்லும் உண்டு, மலைப்பாதை வண்டிகளில் அதைப் பார்க்கலாம்.

அடுத்து கப்பின் வெளி விட்டம். பி.எஸ்.ஏ. மரை 1.37 அங்குலம், அதாவது ஏறக்குறைய 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. இத்தாலியுடையது 36 மி.மீ., அதற்கும் அங்குலத்துக்கு 24. பழைய பிரெஞ்சு ஃப்ரேம்களுடையது 35 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. 36-ஐக் காலிப்பர் சட்டென்று பிரித்துக் காட்டிவிடும். 34.8-ம் 35-ம்தான் ஏமாற்றும். தேய்ந்த கப்பில் அந்த 0.2 மி.மீ.யை நம்பி எதுவும் சொல்ல முடியாது. அங்கே விட்டத்தை விட்டுவிட்டு மரை இடைவெளியைப் பார்க்க வேண்டும். மரைக்கு அளவுகோல் என் கையில் இல்லை. கப்பின் மரைமேல் ஒரு தாளைச் சுற்றி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். கோடு கோடாக விழுந்தது. பத்து இடைவெளி கிடைக்கும் அளவுக்கு என் கப்பில் மரை இல்லை. ஏழு இடைவெளி கிடைத்தது. 24 மரைக் கணக்கில் அது 7.4 மி.மீ., 1 மி.மீ. கணக்கில் 7.0. எனக்கு வந்தது ஏழரைக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, பி.எஸ்.ஏ.தான். வலது கப் இடமரையாகக் கழன்றதும் அதற்கு ஒத்துப்போனது. பிரெஞ்சு ஃப்ரேமில் இரண்டும் வலமரை. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. அதே 35-க்கு 1 மரையில் வலது பக்கம் மட்டும் இடமரை போட்ட சுவிஸ் வகையும் ஒன்று இருக்கிறது.

35 மி.மீ. ஷெல்லில் 34.8 கப் இரண்டு சுற்று நன்றாகவே போகும். மூன்றாவது சுற்றில் இறுகும். "கொஞ்சம் துரு, எண்ணெய் விட்டு இறுக்கினால் போயிடும்" என்று தோன்றும். போகும்தான், ஃப்ரேமின் மரையை அறுத்துக்கொண்டு போகும். கையால் நாலைந்து சுற்று போகாத கப்பை ஸ்பானரால் அனுப்பாதீர்கள்.

மரையே இல்லாமல், வழவழவென்ற துளையோடு இருக்கும் ஷெல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை அழுத்திப் பொருத்துகிற வகை. அங்கே பெயர்களைப் பார்த்தால் தலை சுற்றும், ஏனென்றால் பெயரிலுள்ள எண் ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றைக் குறிக்கிறது. பி.பி. 30 என்றால் 30 என்பது ஆக்சிலின் விட்டம். ஷெல்லின் துளை 42 மி.மீ. பிரஸ்ஃபிட் 30-இலும் ஆக்சில் அதே 30-தான், துளை 46. பி.பி. 86-இல் 86 என்பது ஷெல்லின் அகலம், அதுவும் சரியாகச் சொன்னால் 86.5; துளை 41. மரை உள்ள வகையான டி47-இலோ 47 என்பது மரையின் விட்டம். ஆகவே பெயரைக் கேட்டு வாங்குவதைவிடத் துளையின் விட்டம், ஷெல்லின் அகலம், ஆக்சிலின் விட்டம் மூன்றையும் எழுதிக்கொண்டு போவதே நல்லது. அழுத்துப் பொருத்தத்தில் அரை மி.மீ. தப்பினாலும் வேலைக்கு ஆகாது. ஒன்று உள்ளே போகாது, இல்லை தொளதொளக்கும்.

முனையின் வடிவம்

என் புதுக் கிராங்கில் சதுரத் துளை. அதனால் பல்லுப் பல்லாக இருக்கும் ஆக்டாலிங்க், ஐசிஸ் வகைகள் கிடையாது. ஆக்சில் கிராங்கோடு ஒட்டியே வரும் 24 மி.மீ. ஹாலோடெக் 2 வகையும் கிடையாது. (அந்த வகைக்கு ஆக்சில் நீளம் என்ற தலைவலியே இல்லை. செயின் எங்கே ஓட வேண்டும் என்பதைக் கிராங்க் செய்தவரே முடிவு செய்துவிட்டிருப்பார்.)

சதுர முனையிலும் ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என்று இரண்டு தர அளவுகள் உண்டு. இரண்டிலும் பக்கங்கள் 2 பாகை சாய்வுதான்; ஐ.எஸ்.ஓ.வின் நுனி சற்றுச் சிறியது. விட்டத்தில் பார்த்தால் தம்மாத்துண்டு வித்தியாசம். ஆனால் சாய்வு அவ்வளவு குறைவு என்பதால், ஐ.எஸ்.ஓ. கிராங்கை ஜே.ஐ.எஸ். ஆக்சிலில் மாட்டினால் சுமார் 4.5 மி.மீ. வெளியே நின்றுவிடும். மாற்றி மாட்டினால் அதே அளவு உள்ளே போய், கிராங்க் ஆக்சிலில் இறுகுவதற்கு முன்பே போல்ட் ஆக்சிலின் நுனியில் முட்டலாம். அப்படி முட்டினால் போல்ட் இறுகியதுபோல் தோன்றும், கிராங்க் இறுகியிருக்காது, நாலு நாளில் சதுரத் துளை வட்டமாகிவிடும். என்னுடையது ஜப்பானியக் கிராங்க், ஜே.ஐ.எஸ். வகை. மாட்டி இறுக்கியபின் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆக்சிலின் நுனி போல்ட் உட்காரும் முகத்துக்குச் சில மி.மீ. உள்ளேயே இருந்தது. இருக்க வேண்டியதும் அப்படித்தான்.

நீளம்: நான் செய்த தப்பு

பழைய ஆக்சிலை நுனிக்கு நுனி அளந்தேன். 122 மி.மீ.யும் சொச்சமும். கார்ட்ரிட்ஜ் வரிசையில் 122.5 இருந்தது. ஆகா, அப்படியே பொருந்துகிறதே என்று அதையே வாங்கினேன். போல்ட்டுக்குப் பதில் நட்டு போடுகிற பழைய ஆக்சில்களில் இன்னொரு கண்ணியும் உண்டு. நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டும் அளவில் சேர்ந்துவிடும். என்னுடையது போல்ட் வகை, அந்தக் குழப்பம் இல்லை. எனக்கு வந்தது அதைவிடச் சாதாரணமான குழப்பம்: 122 என்பது பழைய மூன்று செயின் வீல் கிராங்குக்கான நீளம். கிராங்கை மாற்றியபின் அந்த எண்ணுக்கும் என் வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மாட்டினேன், ஓட்டினேன். சத்தம் போயிற்று, ஆட்டம் போயிற்று. வேறு கூத்து ஆரம்பித்தது. பெரிய செயின் வீலுக்கு ஏற்ற முன் டீரெய்லரின் ஸ்குரூவை முழுக்கத் திறந்தும் அது வெளியே வந்து சேரவில்லை. பின்னால் பெரிய பல்சக்கரத்தில் செயின் இருக்கும்போது 'கரகர'. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை நிறுத்திப் பெடலைப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றினால், பெரிய பல்சக்கரத்திலிருந்த செயின் தானாக அடுத்த சின்ன சக்கரத்துக்கு இறங்கியது. டீரெய்லரைத் திருகித் திருகி ஒரு சனிக்கிழமை போயிற்று.

மறுநாள் காலையில் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணால் செயினைப் பார்த்தேன். பின்னால் நடுச் சக்கரத்தில் இருந்த செயின், முன்னால் போகப் போக வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. டீரெய்லர் மேல் குற்றமில்லை. செயின் வீல் மொத்தமும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

செயின்லைன் கணக்கு

செயின்லைன் என்பது ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் கோடு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால் சண்டையில்லை. இதை நான் பி.பி. வாங்குவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும்.

பின்பக்கத்தை முதலில் எடுத்தேன், ஏனென்றால் அது மாறப்போவதில்லை. பின் ஹப்பின் லாக் நட்டுகளின் வெளிமுகத்துக்கு வெளிமுகம் 126 மி.மீ. அதில் பாதி 63. வலது பக்கம் ஃப்ரேமின் உள்முகத்திலிருந்து ஏழில் நடுவான நாலாவது சக்கரத்துக்கு 20 மி.மீ. 63-இல் 20 போனால் 43. பின் செயின்லைன் 43 மி.மீ.

முன்பக்கம். கிராங்கை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அளக்க வேண்டும். சதுர முனையில் கையால் தள்ளி வைத்த கிராங்குக்கும் இறுக்கிய கிராங்குக்கும் நடுவே மி.மீ. கணக்கில் வித்தியாசம் இருக்கும். என் ஃப்ரேமின் சீட் டியூப் 28.6 மி.மீ. விட்டம், பாதி 14.3. டியூபின் வலது ஓரத்திலிருந்து சின்ன செயின் வீலின் பல் நடுவுக்கு 30.5, பெரியதற்கு 37.5. இரண்டுக்கும் நடு 34. அதோடு 14.3 சேர்த்தால் 48.3.

பின்னால் 43, முன்னால் 48.3. அஞ்சு மி.மீ.க்கும் மேலே வெளியே. செயின் கரகரத்ததில் ஆச்சரியமில்லை.

ஃப்ரேமே வளைந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண் என்று ஒரு பயம் வந்தது. பின்சக்கரம் மாட்டும் ஒரு பிளவிலிருந்து நூலை எடுத்து, ஹெட் டியூபைச் சுற்றி, மறு பிளவுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டினேன். நூலுக்கும் சீட் டியூபுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கத்திலும் அரை மி.மீ.க்குள் ஒத்திருந்தது. போதும்.

இனி எவ்வளவு நீளம்? செயின் வீல் 5.3 மி.மீ. உள்ளே வர வேண்டும். ஆக்சிலைக் குறைத்தால் அந்தக் குறைவு இரண்டு பக்கமும் பாதிப்பாதியாகப் போகும். ஆகவே ஆக்சில் 10.6 குறைய வேண்டும். 122.5-இல் அது போனால் 111.9. அப்படியொரு நீளம் செய்வதில்லை. எனக்குக் கிடைத்தவற்றில் அருகே இருந்தவை 110.5-ம் 113-ம்.

110.5 போட்டால் செயின் வீல் 6 மி.மீ. உள்ளே வரும், செயின்லைன் 42.3. 113 போட்டால் 4.75 வரும், 43.55. இலக்கு 43 என்றால் இரண்டுமே ஒரு மி.மீ.க்குள் அடங்குகின்றன. முடிவு செய்தது வேறொன்று. 122.5-இல் சின்ன செயின் வீலின் பற்களுக்கும் செயின்ஸ்டேவுக்கும் (ஷெல்லிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஃப்ரேம் குழாய்) 8 மி.மீ. இடைவெளி இருந்தது. 110.5-இல் அது 2 ஆகிவிடும். எழுந்து நின்று மிதிக்கும்போது ஃப்ரேமும் கிராங்கும் கொஞ்சம் நெளியும்; 2 மி.மீ.யில் பெயின்ட் போகும். 113-இல் 3.25 மிஞ்சும். ரோடு வண்டிகளின் இரட்டைச் செயின் வீலுக்கு 43.5-தான் வெகுகாலமாக வழக்கத்திலிருக்கும் செயின்லைன். 113 என்னை அந்த எண்ணிலேயே கொண்டுபோய் நிறுத்தியது.

கார்ட்ரிட்ஜின் வலது விளிம்பான ஃபிளான்ஜுக்கு அடியில் 1 மி.மீ. ஸ்பேசர் வைத்து 110.5-ஐயே போடலாமா என்றும் யோசித்தேன். ஸ்பேசர் பாதியாகப் பிரியாது. வைத்த மொத்தமும் வலது பக்கமே சேரும், அந்த அளவு இடது பக்கம் உள்ளே போகும். 42.3-ம் 1-ம் 43.3. கணக்குக்கு இன்னும் பக்கம்தான். ஆனால் ஷெல்லில் கடிக்கும் மரை குறைகிறது, இடது கிராங்க் செயின்ஸ்டேவை இன்னும் நெருங்குகிறது. சரியான நீளம் கிடைக்கும்போது எதற்கு? தவிர, இந்தப் பாதிக் கணக்கு சமச்சீரான ஆக்சிலுக்குத்தான் பொருந்தும். வலது முனை இடதைவிட நீண்ட பி.பி.க்களும் உண்டு. பழையதை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஷெல்லின் முகத்திலிருந்து இரு பக்கமும் ஆக்சில் எவ்வளவு நீட்டுகிறது என்று தனித்தனியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

மாட்டுவது

ஷெல்லின் மரையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு தேய்த்துத் துடைத்தேன். கிரீஸை மரை முழுக்கத் தடவினேன். வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கப்போகிற பாகம், காய்ந்தபடி போட்டால் அடுத்த தடவை மறுபடியும் அந்தப் போல்ட் வித்தைதான். கார்ட்ரிட்ஜின் ஃபிளான்ஜ் உள்ள பக்கம் வலது. இடமரை என்பதால் கடிகாரத்துக்கு எதிராகக் கையால் சுற்ற வேண்டும். முதல் தடவை சாய்ந்து கடித்தது. எடுத்துவிட்டு, முதலில் பின்னோக்கிச் சுற்றி மரை 'டிக்' என்று விழும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு விரலாலேயே பாதி தூரம் போனது. இடது கப்பையும் நாலு மரை விட்டுவைத்தபின், வலதை ஃபிளான்ஜ் ஷெல்லில் முட்டும்வரை இறுக்கி, கடைசியாக இடதை இறுக்கினேன். இடது கப் ஷெல்லோடு சமமாக உட்காராமல் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ நின்றால் பதற வேண்டாம். அது கார்ட்ரிட்ஜை அழுத்திப் பிடிப்பதுதான் முக்கியம்.

இறுக்கம் 50 முதல் 70 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு: 30 செ.மீ. கைப்பிடியின் நுனியில் சுமார் 17 கிலோ எடை தொங்கினால் 50 வரும். நினைப்பதைவிட அதிக பலம் அது. இருபது பல்லுள்ள அந்த பி.பி. டூல் ஆழம் குறைவு, சாய்ந்தால் பல்லை மழுக்கிவிடும். நான் கிராங்க் போல்ட்டையும் பெரிய வாஷரையும் வைத்து டூலை ஆக்சிலோடு லேசாகப் பிடித்துவைத்துத்தான் இறுக்கினேன்.

கிராங்க் போல்ட்டுக்கு 35 முதல் 50. சதுர முனையில் கிரீஸ் தடவலாமா கூடாதா என்பது சைக்கிள்காரர்களின் தீராத வழக்கு. நான் துடைத்துவிட்டுக் காய்ந்தபடியே மாட்டுகிறவன், போல்ட்டின் மரைக்கு மட்டும் கிரீஸ். முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் போல்ட்டை ஒரு தடவை சோதித்தேன். இடது பக்கம் கால் சுற்று வாங்கியது.

இறுக்கியபின் அளந்தேன். முன் செயின்லைன் 43.6. செயின்ஸ்டேவிலிருந்து இடைவெளி 3.2. முன் டீரெய்லரை முதலிலிருந்து அமைக்க வேண்டியிருந்தது, ஆனால் ஸ்குரூ நடுவிலேயே நின்று வேலை செய்தது. பெரிய பல்சக்கரத்தில் வைத்துப் பெடலைப் பின்னால் பத்துச் சுற்றுச் சுற்றினேன். செயின் இறங்கவில்லை.

ஒரு சின்ன விவகாரம் மிச்சம் இருந்தது. கிராங்க் இருபுறமும் கிட்டத்தட்ட 5 மி.மீ. உள்ளே வந்ததால், முன்பு போலவே கணுக்காலைத் திருப்பி மிதிக்கும் என் பழக்கத்துக்கு இடது ஷூவின் குதிகால் செயின்ஸ்டேவில் இரண்டு தடவை உரசியது. மூன்றாம் நாள் கால் தானே பழகிக்கொண்டது.

122.5 கார்ட்ரிட்ஜ் டப்பாவில் அப்படியே இருக்கிறது. ஃப்ரேமில் ஷெல்லுக்கு அடியில், அந்தத் துளையை (இப்போது திறந்துவிட்டேன்) ஒட்டி, அழியாத மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்: 'பி.எஸ்.ஏ. 68, ஜே.ஐ.எஸ். 113, இரட்டை, 43.6'.